நிறுத்தினாலும் நிற்காத டீசல் எஞ்சின்: பாய்மரப் படகில் எங்கே தேடுவது

எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைப் படிக்கிறீர்கள் என்றால் முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். நீங்கள் வைத்த வேகத்திலேயே சீராக ஓடுகிறதா, இல்லை த்ராட்டிலைத் தொடாமலே ரேஸ் ஏறிக்கொண்டு போகிறதா? சீராக ஓடினால் அவசரம் ஒன்றும் இல்லை. டீசலும் குளிர்விக்கும் நீரும் போய்க்கொண்டிருக்கும்வரை அது மணிக்கணக்கில் ஓடினாலும் கெட்டுவிடாது. படகைக் கட்டி, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு நிதானமாகக் காரணம் தேடலாம். ரேஸ் ஏறுகிறது என்றால் உங்கள் கையில் இருப்பது சில விநாடிகள்தான். அதனால் அதை முதலில் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரே ஒரு அடிப்படை. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் உண்டு. சாவியைத் திருப்பினால் பொறி நின்றுவிடும், எஞ்சினும் நின்றுவிடும். டீசலில் பொறியே கிடையாது. சிலிண்டருக்குள் காற்று நசுங்கும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஆகவே அதை நிறுத்த முக்கிய வழி இரண்டு: எரிபொருளைத் தடுப்பது, அல்லது காற்றைத் தடுப்பது.

ரேஸ் தானாக ஏறுகிறது, புகை தள்ளுகிறது

எஞ்சின் டீசல் அல்லாத வேறொரு எரிபொருளைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்பதற்கான அடையாளம் இது. பெரும்பாலும் அது தன் சொந்த ஆயில்தான். அப்படிப்பட்ட நேரத்தில் ஸ்டாப் கேபிளை இழுத்தாலும், டேங்க் வால்வை மூடினாலும் பலன் இருக்காது. கட்டுப்பாடு டீசலின் மேல்தான் இருக்கிறது, எரிவதோ ஆயில். புகை நீலமாகவோ வெள்ளையாகவோ அடர்த்தியாக வரும். விட்டுவிட்டால் எஞ்சின் தாங்கும் வேகத்தைத் தாண்டிப் போய், கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் அளவுக்கும் போகலாம்.

ஸ்டாப்பை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். குறையவில்லையா, காற்றை அடைத்துவிடுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, காற்று உள்ளே போகும் இன்டேக் வாயை மூடும் அளவுக்குத் தட்டையான, கெட்டியான ஒன்றை வைத்து அழுத்துங்கள். ஒட்டுப்பலகைத் துண்டு, தடித்த ரப்பர் பலகை, காய் நறுக்கும் பலகை எதுவும் சரி. உள்ளங்கையை வைக்காதீர்கள், அந்த வேகத்தில் இழுக்கும் வெற்றிடம் கையைக் கிழித்துவிடும். துணியும் ஆபத்து, மெல்லிய துணி அப்படியே உள்ளே போய்விடும். வேறு ஒன்றுமே கிடைக்காமல் துணியை எடுத்தாலும், உள்ளே போக முடியாத அளவுக்குப் பெரியதாக, பல மடிப்பு மடித்து, ஈரமாக்கி வையுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால் இன்டேக்குக்குள் நேராகப் பீய்ச்சுங்கள். ஆக்சிஜன் இல்லாமல் எஞ்சின் திணறி அடங்கிவிடும். ஆனால் அதே வாயு அடைபட்ட கேபினில் உங்கள் மூச்சையும் அடைக்கும். மூடிகளைத் திறந்து வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடுங்கள். பவுடர் தீயணைப்பானை இதற்கு நம்ப வேண்டாம். நிற்கும் என்று உறுதியில்லை, எஞ்சினுக்குள் போன பவுடர் பின்னால் சிலிண்டரைத் தேய்க்கும்.

எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஃப்ளைவீல், பெல்ட் சுற்றும் தளத்துக்கு நேராக நிற்காதீர்கள். அந்த வேகத்தில் எது சிதறினாலும் அந்தத் திசையில்தான் பறக்கும். காற்றை அடைக்கப் பாதுகாப்பான வழி இல்லை என்றால் எல்லோரையும் எஞ்சின் அறையிலிருந்து தூரமாக வெளித்தளத்துக்கு அனுப்பிவிடுங்கள். எஞ்சின் போனால் போகட்டும்.

டீகம்ப்ரஷன் லீவர் (வால்வைத் திறந்து வைத்துச் சிலிண்டரின் அழுத்தத்தை விடும் லீவர்) உள்ள சிறிய எஞ்சின்களில் அதைத் தூக்கினால் நிற்குமே என்று தோன்றும். மெதுவாக ஓடும்போது நிற்கலாம். உச்ச வேகத்தில் தூக்கினால் வால்வும் புஷ் ராடும் அடி வாங்கும். வேறு எதுவுமே கைகொடுக்காத கடைசி நிலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். தினசரி எஞ்சினை நிறுத்துவதற்கு அது வழியே கிடையாது.

நின்ற பிறகு உடனே மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முதலில் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுங்கள்.

மட்டம் மேல் கோட்டைத் தாண்டி இருக்கிறதா? ஆயில் டீசல் வாசம் அடிக்கிறதா, நீர்த்துப்போய்ச் சொட்டுகிறதா? வாசம் இருந்தால் டீசல் ஆயிலில் கலக்கிறது. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் டயஃப்ரம் (உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம், சிலிண்டருக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பின் சீல் போயிருக்கலாம். இப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து மட்டம் உயர்ந்து, ஒருநாள் ஆயில், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக இன்டேக்குக்குப் போய்விடுகிறது. அதனால் டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்கு மட்டும் பயப்படாதீர்கள். ஒன்றும் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் அதைவிடக் கெட்ட செய்தி அது.

வாசம் இல்லாமல் மட்டம் மட்டும் அதிகம் என்றால் பெரும்பாலும் நிரப்பியவர் கூடுதலாக ஊற்றியிருப்பார். படகில் இது எளிதாக நடக்கும். ஆயில் மாற்றும்போது அடியிலிருந்து வடிக்க இடம் இருக்காது, டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சித்தான் எடுப்போம். பழைய ஆயில் அடியில் கொஞ்சம் தங்கிவிடும். அதன் மேல் கையேட்டில் சொன்ன அளவு முழுவதையும் ஊற்றினால் மட்டம் எகிறிவிடும். இன்னொன்று, எஞ்சின், புரொப்பெல்லர் ஷாஃப்டின் சரிவுக்கு ஏற்றபடி சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். டிப்ஸ்டிக் கோடுகள் அந்தச் சாய்வுக்கு ஏற்றவையா என்று பார்க்காமல் நிரப்பியதாலும் கூடிப்போனதுண்டு. ஆயில் கூடுதலாக இருக்கும் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே, பாயையும் விரித்துப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும்போது ஆயில் பிரீதரின் வாய்க்கே போய்ச் சேரும். என் படகுக்கு இரண்டு படகு தள்ளி நின்ற ஒன்றில் இதுதான் நடந்தது. முந்தின நாள் ஆயில் மாற்றியிருந்தார்கள். நல்லவேளை, அந்தப் படகில் இருந்த பெண்மணி சமையல் மேடையின் பலகையை எடுத்து இன்டேக்கில் அழுத்திவிட்டார். எஞ்சின் பிழைத்தது.

மட்டம் சரி, வாசமும் இல்லை என்றால் தேய்ந்த பிஸ்டன் ரிங், டர்போ இருந்தால் அதன் சீல். இரண்டும் மெக்கானிக்கின் கைக்குப் போக வேண்டியவை.

இன்னொரு சாத்தியம் உண்டு, அதை மறந்துவிடுகிறார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தட்டில் தேங்கும். அவுட்போர்டு மோட்டாருக்கு வைத்திருக்கும் பெட்ரோலின் ஆவியும் அப்படியே. எஞ்சின் இன்டேக் அதற்கு மேலே இருந்துகொண்டு அந்தக் கலவையை உறிஞ்சினால் டீசல் இல்லாமலே ரேஸ் ஏறும். கேஸ் வாசம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரும் மேலே ஏறுங்கள்.

ரேஸ் ஏறுகிறது, ஆனால் புகை கறுப்பு

கறுப்புப் புகை என்றால் எரிவது டீசல்தான், அளவுக்கு மீறி எரிகிறது. இன்ஜெக்ஷன் பம்பின் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பி) முழு டீசல் நிலையில் இறுகிக்கொண்டிருக்கும். நீண்ட நாள் சும்மா நின்ற எஞ்சினில் ரேக்கில் துருவும் பிசினும் பிடித்து இப்படி ஆகலாம். பம்பைக் கழற்றி மாட்டிய உடனே முதல் ஸ்டார்ட்டில் இது நடந்தால், ரேக்கின் முள், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கவட்டையில் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படுங்கள். பிளாக்குக்குள் பொருந்தும் பம்புகளில் இதைக் கண்ணால் பார்த்து மாட்டுவது கஷ்டம். மாட்டிய பிறகு, ஸ்டார்ட் செய்யும் முன், ஸ்டாப் லீவரை அசைத்து ரேக் கூடவே நகர்கிறதா என்று உறுதி செய்யாமல் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. பம்ப் வேலை முடிந்த முதல் ஸ்டார்ட்டுக்குப் பலகையோடு ஒருவர் இன்டேக் பக்கத்தில் நிற்கட்டும். இங்கேயும் வேகமான மருந்து காற்றை அடைப்பதுதான். டேங்க் வால்வை மூடினாலும் குழாயிலும் ஃபில்டரிலும் உள்ள டீசல் தீரும்வரை அது ஓடும்.

சீராக ஓடுகிறது, ஸ்டாப் கைப்பிடியை இழுத்தும் ஒன்றும் ஆகவில்லை

யான்மார் ஜிஎம் வரிசை, பெர்கின்ஸ் 4-108 போன்ற பழைய எஞ்சின்களில் நிறுத்துவது ஒரு கம்பிதான். காக்பிட்டில் கைப்பிடி, எஞ்சினில் ஸ்டாப் லீவர், நடுவில் உறைக்குள் ஓடும் கேபிள். சாவியை ஆஃப் செய்தால் அலாரமும் மீட்டரும் மட்டும் அணையும், எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடும். அது கோளாறு ஆகாது, அந்த எஞ்சினின் அமைப்பே அதுதான். புதிதாகப் படகு வாங்கியவர்கள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். முதலில் கைப்பிடி, எஞ்சின் நின்று அலாரம் ஒலித்த பிறகு சாவி. இந்த வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள்.

உடனே செய்ய வேண்டியது: மூடியைத் திறந்து ஸ்டாப் லீவரைக் கையாலேயே தள்ளுங்கள். தலைமுடி, தொங்கும் துணி, சட்டைக் கை எதுவும் பெல்ட்டருகே போகக் கூடாது. எட்டவில்லை என்றால் நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தள்ளலாம். எஞ்சின் நின்றால் பம்ப் நன்றாக இருக்கிறது, கோளாறு கேபிளில். இந்த லீவர் எது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் இன்றைக்கே, எஞ்சின் நின்றிருக்கும்போது, கண்டுபிடித்துச் சிவப்பு பெயின்ட் அடித்துவையுங்கள். இருட்டில், அலையில், சத்தத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கூட வருபவருக்கும் காட்டிவிடுங்கள்.

எனக்குப் படகுத்துறைக்குள் நுழையும்போது கைப்பிடி வழக்கத்தைவிட ஒரு சாண் கூடுதலாக வந்தது. உள்கம்பி அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் கம்பி முழுசாக இருந்தது. கேபிளின் உறையை எஞ்சினோடு பிடித்திருந்த கிளாம்ப் தளர்ந்திருந்தது. இழுத்தபோது லீவருக்குப் பதில் உறையே வளைந்து கொடுத்திருக்கிறது. இதைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது ஒருவர் மேலே இழுக்கட்டும், இன்னொருவர் கீழே பார்க்கட்டும். உறை அசைந்தால் கிளாம்ப். உறையும் அசையாமல் லீவரும் அசையாமல் கைப்பிடி மட்டும் லேசாக வந்தால் உள்கம்பி அறுந்திருக்கிறது. கைப்பிடியே வரவில்லை என்றால் உறைக்குள் துரு பிடித்திருக்கிறது. துருப்பிடித்த கேபிளுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்து ஒரு பருவம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். இருக்கும் எல்லாப் பாகங்களிலும் மலிவானவற்றில் ஒன்று அது.

வேகம் குறைகிறது, ஆனால் முழுதாக நிற்கவில்லை

லீவர் பாதி தூரம்தான் போகிறது. கேபிள் நீண்டிருக்கலாம், கிளாம்ப் நழுவியிருக்கலாம், லீவரின் அச்சில் உப்பு படிந்து இறுகியிருக்கலாம். கையால் லீவரை அதன் தடுப்பு வரை தள்ளிப் பாருங்கள். அங்கே நின்றால் கேபிளின் நீளத்தைச் சரிசெய்தால் போதும். தடுப்பு வரை தள்ளியும் மெல்ல ஓடுகிறது என்றால் பம்புக்குள் ரேக் முழுதாக மூடவில்லை.

துறையில் படகு நன்றாகக் கட்டியிருக்கிறது, தண்ணீரில் யாரும் இல்லை, கயிறும் புரொப்பெல்லர் பக்கத்தில் இல்லை என்றால், ஸ்டாப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஐட்லிங்கில் கியரைப் போடுங்கள். பாதி பட்டினியில் இருக்கும் எஞ்சின் புரொப்பெல்லரின் சுமையைத் தாங்காமல் நின்றுவிடும். இது அன்றைக்குச் சமாளிக்க மட்டும்.

ஸ்டாப் பட்டனை அழுத்தினால் நிற்கவில்லை. அல்லது சாவியைத் திருப்பியும் நிற்கவில்லை

மின்சாரத்தால் நிற்கும் எஞ்சின்களில் சொலினாய்டு (மின்சாரம் பாய்ந்தால் தண்டை இழுக்கும் காயில்) இரண்டு வகை, இரண்டும் நேர் எதிர். ஒன்று நிற்பதற்கு மின்சாரம் வேண்டியது: பட்டனை அழுத்தும்போது மட்டும் மின்சாரம் போய், லீவரை இழுத்து டீசலை அடைக்கும். மற்றொன்று ஓடுவதற்கு மின்சாரம் வேண்டியது: சாவி ஆனில் இருக்கும்வரை மின்சாரம் போய் டீசலைத் திறந்து வைத்திருக்கும், ஆஃப் ஆனதும் ஸ்பிரிங் அடைத்துவிடும். எது உங்களுடையது என்று தெரியாமல் தேடினால் பொழுது வீணாகும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து சொலினாய்டு முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் படகில் அங்கே 12 வோல்ட் காட்டினால் இரண்டாம் வகை. பூஜ்யமாக இருந்து, ஸ்டாப் பட்டனை அழுத்தும்போது மட்டும் ஏறினால் முதல் வகை. பட்டனை அழுத்தியும் ஏறவில்லையே என்றால் அதுவும் முதல் வகைதான், கோளாறும் அகப்பட்டுவிட்டது.

முதல் வகையில் பட்டனை அழுத்தும்போது காதில் 'க்ளக்' என்று கேட்கிறதா? கேட்டும் நிற்கவில்லை என்றால் சொலினாய்டு வேலை செய்கிறது, இணைப்புக் கம்பியோ லீவரோ கழன்றிருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, முனையில் செருகியிருக்கும் கனெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். கடல் உப்புக் காற்றில் பச்சை பூத்த கனெக்டர்தான் அதிகம் அகப்படும். எர்த் வயரையும் விடாதீர்கள். அடுத்து, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒரு தனி வயரை எடுத்துச் சொலினாய்டு முனையில் நேராகத் தொடுங்கள். எஞ்சின் நின்றால் சொலினாய்டு நல்லது. பட்டன், வயர், ரிலே இவற்றில் ஒன்று கெட்டிருக்கிறது. நிற்கவில்லை என்றால் சொலினாய்டே போய்விட்டது, அல்லது அதன் தண்டு துருவில் சிக்கியிருக்கிறது. அதுவரை லீவரைக் கையால் தள்ளி நிறுத்தலாம்.

குளிர்ந்த எஞ்சினில் நிற்கிறது, நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் நிற்க மறுக்கிறது என்றால் மின்னழுத்தம் வழியில் விழுகிறது என்று நினைக்கலாம். சூடான காயிலின் மின்தடை கூடும், இழுக்கும் பலம் குறையும்; அதோடு கெட்ட கனெக்டரும் சேர்ந்தால் லீவரை இழுக்க வலு போதாது. பட்டனை அழுத்தியபடியே சொலினாய்டு முனையில் அளந்து, அதே நேரத்தில் பேட்டரியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிங்கைச் சுத்தம் செய்யுங்கள். நிற்கவில்லையே என்று பட்டனை நிமிடக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம். இந்த வகைக் காயில்கள் பல, சில விநாடி வேலைக்கு மட்டும் செய்யப்பட்டவை, கருகிவிடும்.

இரண்டாம் வகையில் சோதனை இன்னும் சுலபம். சாவியை ஆஃப் செய்த பிறகும் ஓடுகிறதா, சொலினாய்டுக்குப் போகும் வயரைக் கழற்றுங்கள். எஞ்சின் நின்றால் எங்கிருந்தோ மின்சாரம் இன்னும் வந்துகொண்டிருந்தது. நிற்காவிட்டால் தண்டு திறந்த நிலையிலேயே சிக்கியிருக்கிறது.

எங்கிருந்து மின்சாரம் வரும்? சாவி ஸ்விட்சின் உள்தகடுகள் ஒட்டியிருக்கலாம். அதைவிடக் குழப்பமானது ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்வரை அது மின்சாரம் தயாரிக்கிறது. சார்ஜிங் விளக்கின் வயர் வழியாக அது பின்னோக்கி வந்து சொலினாய்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் ஆல்டர்னேட்டரை ஓட்ட, ஆல்டர்னேட்டர் எஞ்சினை நிற்கவிடாமல் வைத்திருக்கும். புது மீட்டர், மணிக்கணக்கு மீட்டர், வேறு ஆல்டர்னேட்டர் எதையாவது மாட்டிய பிறகு இது தொடங்கியிருந்தால் அந்த வேலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விளக்கின் வயரில் சரியான திசையில், மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் டயோடு ஒன்று போட்டால் பின்னோட்டம் நிற்கும்.

இந்த நேரத்தில் பலர் கை வைப்பது பேட்டரி மெயின் ஸ்விட்சில். தயவுசெய்து வேண்டாம். ஓடும் எஞ்சினில் பேட்டரியைத் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஒரு கணம் எகிறி அதன் டயோடுகள் எரியலாம். கூடவே மற்ற மின்னணுச் சாதனங்களும் அடி வாங்கலாம். எஞ்சினும் அதனால் நிற்கும் என்பது நிச்சயமில்லை.

நிறுத்த வழியே தெரியவில்லை, டீசலை அடைக்கிறேன்

சீராக ஓடும் எஞ்சினுக்கு இது சரியான வழிதான், பொறுமை வேண்டும். டேங்க் வால்வை மூடினால் ஐட்லிங்கில் பல நிமிடம் ஓடும், கொஞ்சம் த்ராட்டில் கொடுத்தால் சீக்கிரம் தீரும். எஞ்சினுக்கு அருகில் ஒரு வால்வு இருந்தால் அதை மூடுங்கள். ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்துவது நான் செய்யச் சொல்லும் வேலை அல்ல. பழைய எஞ்சின்களிலேயே அங்கே அழுத்தம் 100 பாருக்கு மேல், புதுவகைக் காமன் ரெயில் எஞ்சின்களில் 1000 பாரையும் தாண்டும். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் சிறு புள்ளியாகத் தெரியும் அந்தக் காயத்துக்கு உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

கடல்நீர் வால்வை மூடி எஞ்சினைத் திணறடிக்கப் பார்க்காதீர்கள். கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகி, எக்சாஸ்ட் ஹோஸ் உருகிய பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

டீசல் தீர்ந்து நின்ற எஞ்சின், கோளாறைச் சரிசெய்த பிறகும் உடனே ஸ்டார்ட் ஆகாது. குழாயில் காற்று புகுந்திருக்கும். வால்வைத் திறந்து, ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கை லீவரை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஏர் எடுங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பில் அதே போல. ஸ்டாப் கைப்பிடியை உள்ளே தள்ளிவிட்டீர்களா என்று பாருங்கள், இழுத்தபடியே விட்டுவிட்டு அரை மணி நேரம் ஸ்டார்ட்டர் அடிப்பவர்கள் உண்டு. ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல் நடுவில் ஆறவிடுங்கள். அப்படிப் பலமுறை அடிக்க வேண்டி வந்தால், அந்த நேரத்துக்கு மட்டும் கடல்நீர் வால்வை மூடிவையுங்கள். எஞ்சின் ஓடாதபோது எக்சாஸ்ட் வேகம் இல்லாததால் பம்ப் தள்ளும் நீர் சைலன்சரில் நிறைந்து சிலிண்டருக்கே திரும்பி வந்துவிடும். எஞ்சின் பிடித்த அந்த நொடியில் வால்வைத் திறந்து, எக்சாஸ்ட்டில் நீர் வருகிறதா என்று எட்டிப் பாருங்கள். அப்புறம் கயிறுகளை அவிழ்க்கும் முன், துறையிலேயே ஒருமுறை ஸ்டாப்பை இழுத்து நிறுத்திப் பாருங்கள்.